பட்டப்படிப்பும் வருமானமும்: மேச்சேரி வட்டாரம்

சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில் உள்ள மேச்சேரியின் மாணவர்கள் பலர் மேட்டூர், சேலம் ஊர்களின் கல்லூரிகளை நம்பிப் படிப்பவர்கள். எந்தப் பட்டம் எவ்வளவு சம்பளம் தரும் என்ற ஒப்பீட்டுக்கு இவ்வட்டாரத்தில் நீண்ட பின்னணி உண்டு.

சேலம் அரசு கலைக் கல்லூரி 1857இல் பள்ளியாகத் தொடங்கி, 1879இல் இரண்டாம் நிலைக் கல்லூரியாக உயர்ந்தது. அங்கே பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. வரை படித்தவர், பி.ஏ.வுக்குச் சென்னை, திருச்சி, கும்பகோணம் போன்ற வெளியூர்களுக்குப் போக வேண்டியிருந்தது. பி.ஏ.வில் என்ன பாடம் என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அதன்மேல் எல்.டி. முடித்தவர் மாதச் சம்பள வாத்தியார், பி.எல். முடித்தவர் வக்கீல். பெங்களூரில் பி.ஏ.வும் சென்னையில் சட்டமும் படித்த ராஜாஜி 1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, நல்ல வருமானத்தோடு வளர்ந்து, 1917இல் நகராட்சித் தலைவரானார். வாத்தியார் வேலையில் அந்த உயரம் எட்டாது.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்தபின் வேதியியல் படித்தவருக்கு உள்ளூரிலேயே வேலை வாய்ப்பு பிறந்தது. பின்னாளில் அனல்மின் நிலையமும், மேச்சேரியை அடுத்த பொட்டனேரியில் இரும்பாலையும் வந்தன. இவை பி.ஏ., பி.காம். படித்தவர்களைவிட ஐ.டி.ஐ., டிப்ளமோ, பொறியியல் படித்தவர்களையே அதிகம் எடுத்தன. கலைப் பட்டதாரிக்கு ஆலை வாசல் எட்டாமல் போனது இந்த வட்டாரத்தின் பெரிய குறை.

அரசு வேலையில் ஒப்பீடு தெளிவாகத் தெரியும். குரூப் 4 தேர்வில் தேறும் இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். பத்தாம் வகுப்பே போதுமான இப்பணியில் தமிழ் இலக்கியம் படித்தவரும் இயற்பியல் படித்தவரும் ஒரே தட்டில்தான். மூன்று ஆண்டுப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு பி.எட். படித்து, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேறிப் பட்டதாரி ஆசிரியரானால் 36,400. நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. முடித்து அரசு கால்நடை உதவி மருத்துவரானால் 56,100. மேச்சேரி ஆட்டுக்குப் பேர் போன ஊரில் இந்த வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஆசிரியரைவிடக் கூடுதலாக அரை ஆண்டு படித்தவருக்கு மாதம் 19,700 ரூபாய் அதிகம். பாடத்தின் பெயரைவிட, அது எந்தப் பணிக்குத் தகுதி தருகிறது என்பதே சம்பளத்தை முடிவு செய்கிறது.

தனியார் வேலைக்கு நம்பத்தக்க பாடவாரி எண் இல்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் விவரத்தில், வேலை கிடைத்தோரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் தொகை இருக்கும். ஆனால் மூன்று ஆண்டுப் பட்டங்கள் எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். வேலை கிடைக்காதவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். அமெரிக்க அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு இணையதளம் 2019 முதல் பாடம் பாடமாகவே வருமானத்தை வெளியிடுகிறது. பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் போடும் மேச்சேரிப் பிள்ளைக்கும் அதுபோன்ற தகவல் கிடைத்தாக வேண்டும்.

தகவல் இல்லாவிட்டாலும் படிக்கும் வழிகள் கூடியிருக்கின்றன. 1997இல் உருவான பெரியார் பல்கலைக்கழகம் மேட்டூரில் உறுப்புக் கல்லூரி தொடங்கியது. 2022 முதல் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் பயிற்சி நடக்கிறது.