15 ரூபாய் ஷேர் மலிவு, 1 லட்சம் ரூபாய் ஷேர் காஸ்ட்லியா? முதலீட்டாளர் மனசு போடும் தப்புக் கணக்கு

காலை 9.15. பங்குச்சந்தை திறக்கும் நேரம். தாம்பரத்தில் இருந்து பீச் போகும் மின்சார ரயிலில் பலரது செல்போனிலும் பச்சை, சிவப்பில் எண்கள் ஓடத் தொடங்கும். பல்லாவரம் தாண்டுவதற்குள் ஒருவர் முகம் மலரும், இன்னொருவர் முகம் வாடும்.

அதே பயணியிடம், கூடுவாஞ்சேரியில் வாங்கிப் போட்ட மனை இன்றைக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். "யாருக்குத் தெரியும்? விக்கும்போது பாத்துக்கலாம்" என்பார். மனையை 15 வருஷம் வைத்திருக்கத் தெரிந்தவருக்கு, ஷேரை 15 நாள் வைத்திருக்க முடியவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் வேல்யூ இன்வெஸ்டிங் தொடங்குகிறது.

வேல்யூ இன்வெஸ்டிங் என்றால் என்ன?

அமெரிக்காவின் பெஞ்சமின் கிரஹாம் உருவாக்கிய முதலீட்டு முறை இது. 1929 சந்தை சரிவில் சொந்தமாக அடி வாங்கியவர். 1934-லும் 1949-லும் அவர் எழுதிய புத்தகங்கள்தான் இதற்கு அடித்தளம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த மாணவர்தான் வாரன் பஃபெட்.

விஷயம் எளிது. ஷேர் என்பது திரையில் ஓடும் எண் அல்ல, ஒரு தொழிலின் சிறு பங்கு. அந்தத் தொழில் 100 ரூபாய் பெறும் என்று கணக்குப் போட்டால், 60, 70 ரூபாய்க்குக் கிடைக்கும்போது வாங்க வேண்டும். நம் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் அந்த 30, 40 ரூபாய் இடைவெளி நம்மைக் காப்பாற்றும். இதைத்தான் 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி' என்கிறார்கள்.

'மிஸ்டர் மார்க்கெட்' யார்?

மேற்கு தாம்பரம் சண்முகம் சாலையில் நீங்களும் ஒரு பார்ட்னரும் சேர்ந்து கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அந்த பார்ட்னர் தினமும் காலையில் வந்து ஒரு விலை சொல்கிறார். ஒரு நாள் உற்சாகத்தில், "உன் பங்கை 10 லட்சத்துக்கு நான் எடுத்துக்கறேன்". மறுநாள் பயந்துபோய், "என் பங்கை 4 லட்சத்துக்கு நீயே எடுத்துக்கோ". கடையிலோ அதே வியாபாரம், அதே கல்லா. இவர்தான் கிரஹாம் சொன்ன மிஸ்டர் மார்க்கெட். அவர் சொல்லும் விலை பிடித்தால் பயன்படுத்திக்கொள்ளலாம், இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம். அவர் பயந்தால் நாமும் பயப்படுவதுதான் தப்பு.

1 லட்சம் ரூபாய் ஷேர்

1946-ல் திருவொற்றியூரில் பலூன் தயாரிக்கும் சிறு தொழிலாகத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். 2023 ஜூன் 13-ல் அதன் ஒரு ஷேர் விலை 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் அதுவே முதல்முறை. "அடேங்கப்பா, என்னா விலை!" என்றுதான் எல்லோரும் பேசினார்கள்.

ஆனால் அந்த நிறுவனத்துக்கு இருப்பது சுமார் 42.4 லட்சம் ஷேர்கள்தான். அப்படியானால் மொத்த கம்பெனியின் விலை சுமார் 42,400 கோடி ரூபாய். முந்தைய நிதியாண்டில் அது ஈட்டிய லாபத்தைப்போல 50 மடங்குக்கும் மேல். அந்த லாபத்துக்கு இந்த விலை தகுமா? கேட்க வேண்டியது இதைத்தான். '1 லட்சம்' என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது.

15 ரூபாய் ஷேர்

அடுத்தது, 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2017-ல் 150 ரூபாய்க்கு மேல் போன ஷேர், 2020 நவம்பரில் சுமார் 15 ரூபாய்க்கு வந்திருந்தது. "இவ்ளோ இறங்கிடுச்சு, இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது?" என்று கேட்கத் தோன்றும் விலை அது.

ஆனால் தொழில் வேறு கதை சொன்னது. தொடர்ந்து 3 நிதியாண்டுகள் நஷ்டம். ஏறிக்கொண்டே போன வாராக்கடன். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு. எல்லாமே வெளியில் தெரிந்த தகவல்கள்தான். 2020 நவம்பர் 27-ல் வங்கி டிபிஎஸ் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாக மாறியது. ஷேர் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். விலை இறங்கியது என்பதற்காக ஒரு ஷேர் மலிவாகிவிடாது.

மனசு ஏன் இப்படிச் செய்கிறது?

டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் இதை விளக்கினார்கள். 1,000 ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, 1,000 ரூபாய் போனால் வரும் வலி மிகப் பெரியது. அதனால்தான் லாபத்தில் இருக்கும் ஷேரை அவசரமாக விற்கிறோம். நஷ்டத்தில் இருப்பதை "வாங்குன விலை வரட்டும்" என்று பிடித்து வைக்கிறோம். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்த கம்பெனிக்குத் தெரியவே தெரியாது.

மொத்த சந்தையும் விழும்போது இந்த வலி பயமாக மாறும். 2020 மார்ச் 23-ல், கொரோனா பயத்தில் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்து, 26,000-க்குக் கீழே முடிந்தது. 2021 ஜனவரி 21-ல் அதே சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது. பயத்தில் விற்றவர்களுக்கு இந்த மீட்சி கிடைக்கவில்லை. ஆனால் மீண்டது குறியீட்டு எண். ஒவ்வொரு கம்பெனியும் அப்படி மீளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பரபரப்புக்கு என்ன விலை?

சீக்கிரம் சம்பாதிக்கும் ஆசை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 2021-22 முதல் 3 நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

வாங்கும் முன் 5 கேள்விகள்

1. இந்த கம்பெனி எப்படிச் சம்பாதிக்கிறது என்று வீட்டில் இருப்பவருக்கு இரண்டு வரியில் சொல்ல முடியுமா?
2. கடந்த 5 வருஷ லாபமும் கடனும் எப்படி இருக்கின்றன?
3. லாபத்தைப்போல எத்தனை மடங்கு விலை கொடுக்கிறேன்?
4. இது பிள்ளையின் ஃபீஸ், மருத்துவச் செலவுக்கான பணமா? ஆம் என்றால் ஷேர் பக்கமே போக வேண்டாம்.
5. டிப்ஸ் கொடுப்பவர் செபியில் பதிவு செய்தவரா? செபி இணையதளத்திலேயே பார்க்கலாம்.

ஐந்துக்கும் பதில் இருந்தால், வாங்கியபின் தினமும் 9.15-க்கு விலை பார்க்கும் அவசியம் குறையும். கூடுவாஞ்சேரி மனைக்குக் காட்டிய பொறுமையை ஷேருக்கும் காட்டலாம். ஆனால் வில்லங்கம் பார்க்காமல் மனை வாங்க மாட்டோம். கணக்குப் பார்க்காமல் ஷேர் வாங்கினால் பொறுமையும் காப்பாற்றாது.