நிலமில்லாதவர் அளந்த தண்ணீர்

உத்திரமேரூர்க் கல்வெட்டை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். குடம், ஓலை, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தேர்தல். பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிப்போகிற இடம்தான் எனக்கு முக்கியம். முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அந்தக் கல்வெட்டுகளின்படி, குடும்புக்கு ஒருவராகத் தேர்வாகும் முப்பது பேரில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போவார்கள். தகுதி என்ன? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு மட்டும் சலுகை: அரைக்கால் வேலி போதும்.

சரி, ஆறு பேர் ஏரியை நிர்வகித்தார்கள். நடுராத்திரியில் மடைக்குள் இறங்கி அடைப்பை எடுத்தது யார்?

அந்தக் கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. ஆனால் அண்மைக்காலம் வரை தென்மாவட்டக் கண்மாய்களில் அந்த வேலைக்கென்றே ஒருவர் இருந்தார். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கொரு பெயர். (‘மடையன்’ என்ற வசவு இவர்களிடமிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. நான் நம்பவில்லை, ‘மடம்’ என்றாலே அறியாமைதான்.) பெரும்பாலும் தலித்துகள். ஆயக்கட்டில் பலருக்குச் சொந்த வயல் கிடையாது. கூலி, அறுப்பு முடிந்து களத்தில் அளந்து போடும் நெல்.

தண்ணீர் குறைந்தால்தான் இவர் அருமை தெரியும். வயல்காரர் யாரும் வாய்க்காலில் கை வைக்கக் கூடாது. முறை வைத்து, தலைமடை வயலில் போதும் என்று மறித்து, கடைமடை வரைக்கும் தண்ணீரைக் கூட்டிப்போவது இவர் பொறுப்பு. சிவகங்கைப் பக்கம் வயதான நீர்க்கட்டி ஒருவரிடம், “உங்களை எப்படி நம்புனாங்க?” என்று கேட்டேன். “நமக்கு வயலு இருந்தா மம்பட்டி நம்ம வயலுக்குத்தானே தம்பி போகும்?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாசன வரலாறு எழுதுகிறவர்கள் ‘கடைமடைக்கும் சமமாகப் போனது’ என்று மெச்சுவார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தச் சமம் நிலம் வைத்திருந்தவர்களுக்குள். பங்கே இல்லாதவர் என்பதால்தான் அவர் நடுநிலையாளர். அவரைப் பங்கில்லாமல் வைத்திருந்ததும் அதே ஊர்தான். அவர் திறந்துவிட்ட தண்ணீர் பாயும் தெருவின் கிணற்றில் அவர் வாளி இறங்க முடியாது.

வெள்ளைக்காரன் சட்டம் இதை இன்னும் பச்சையாக எழுதியது. குடிமராமத்துச் சட்டம் என்று நாம் செல்லமாகச் சொல்லும் 1858-ஆம் வருடத்துச் சட்டத்தின் நிஜப்பெயர் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்து வந்தால், சுற்றுவட்டாரத்தில் உடம்பில் தெம்புள்ள உழைக்கும் வர்க்க ஆண்கள் வந்தாக வேண்டும். நிலம் வைத்திருப்பவர் அல்ல, உழைக்கும் வர்க்கத்தார்.

பிறகு பம்புசெட் வந்தது, போர்வெல் வந்தது. சொந்தக் கிணறு உள்ளவருக்கு எதுக்கு முறை? களத்து நெல் குறைந்தது, நின்றது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சங்கத்தில் சேர மறுபடி ஆயக்கட்டில் நிலம்தான் தகுதி. 2017-இல் குடிமராமத்து திரும்பி வந்தபோதும் வேலை ஆயக்கட்டுதாரர் கைக்கே போனது.

நான் பார்த்த பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அந்தக் கண்மாயில் இப்போது யார் முதலில் வருகிறாரோ அவர் மடையைத் திறக்கிறார். கடைமடைக்காரர்கள் பாதிப்பேர் தரிசு போட்டுவிட்டார்கள்.