தாலிடோமைடா, மாத்திரை விலையா? 1962 அமெரிக்க மருந்துச் சட்டத்தைத் தேடிப் போன கதை

"தாலிடோமைடு மாத்திரையால் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. அதனால்தான் அமெரிக்கா 1962-ல் கடுமையான மருந்துச் சட்டம் கொண்டு வந்தது."

ஹவுஸ் சர்ஜன்களுக்கு நான் வருஷக்கணக்கில் சொல்லி வந்த கதை இது. போன மாசம் வார்டில் ஒரு பொண்ணு கேட்டாங்க. "சார், அமெரிக்காலதான் அந்த மாத்திரைக்கு அனுமதியே கொடுக்கலையே. அப்புறம் அங்க எதுக்கு சார் சட்டம்?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியல. நைட் டியூட்டி ஓய்ந்த நேரங்களில் தேட ஆரம்பித்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் தேடிய வழியோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சட்டத்தின் எண் வேணும். இந்தச் சட்டத்துக்கு 87-781. அதாவது 87-வது காங்கிரஸ் இயற்றிய 781-வது பொதுச் சட்டம். எந்த வருஷம்னு கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கு. காங்கிரஸ் எண்ணை இரண்டால் பெருக்கி 1787-ஐக் கூட்டுங்கள். 1961 வரும். அது தொடங்கும் வருஷம், ஆயுள் இரண்டு வருஷம்.

அடுத்தது மசோதா எண்: செனட்டில் எஸ்.1552. இங்கேதான் நான் வழுக்கினேன். ஒவ்வொரு காங்கிரஸிலும் மசோதா எண் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். வெறும் எஸ்.1552-னு தேடினா சம்பந்தமே இல்லாத மசோதாக்கள் வந்து நிற்கும். எப்பவும் '87-வது காங்கிரஸ்' என்று சேர்த்துத் தேடுங்கள்.

1973-க்குப் பிந்தைய மசோதா என்றால் காங்கிரஸ்.கவ் தளத்தில் சுருக்கம், எந்தக் கட்டத்தில் இருக்கு எல்லாமே ஒரே பக்கத்தில் கிடைக்கும். பழசுக்குக் கொஞ்சம் அலையணும். சட்டத்தின் இறுதி வடிவமும், 1873-லிருந்து வரும் காங்கிரஸ் விவாதப் பதிவுகளும் கவ்இன்ஃபோ.கவ் தளத்தில் இலவசம். கமிட்டி விசாரணைத் தொகுதிகளுக்கு ஹாத்தி டிரஸ்ட் (ஆமா, ஹிந்தி யானைதான்). அமெரிக்க அரசு வெளியீடுகளுக்குக் காப்புரிமை கிடையாது என்பதால் நிறைய முழுசாகத் திறக்கும்.

விவாதப் பதிவைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. உறுப்பினர்கள் பேசினதைப் பிறகு திருத்தலாம், பேசாததைக்கூடச் சேர்க்கலாம். டிஸ்சார்ஜ் அன்னிக்கு உட்கார்ந்து எழுதின கேஸ் ஷீட் மாதிரி. சபையில் பேசாத பகுதிக்குத் தனி அடையாளம் போடும் வழக்கமே 1978-ல்தான் வந்தது.

சரி, என்ன கிடைத்தது?

தாலிடோமைடு விவகாரம் வாஷிங்டன் போஸ்ட்டின் முதல் பக்கத்தில் வெடித்தது 1962 ஜூலை 15. நிறுவனம் மறுபடி மறுபடி கேட்டும் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற எஃப்.டி.ஏ. மருத்துவர் அனுமதி தராமல் நிறுத்தி வைத்தது அன்றுதான் ஊருக்கே தெரிந்தது. ஆனால் எஸ்.1552 தாக்கலானது 1961 ஏப்ரலில். 15 மாசம் முன்னாடியே மசோதா இருந்திருக்கு!

எதுக்காக? விலைக்காக.

கொண்டு வந்தவர் செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர். 1959 டிசம்பரில் அவர் தொடங்கிய விசாரணையின் முதல் நாள் பேச்சே நம்ம பிரெட்னிசோலோன்தான். ஒன்றரை சென்ட் சொச்சம் அடக்கவிலை என்று கணக்கிடப்பட்ட மாத்திரையை ஒரு நிறுவனம் மருந்துக்கடைக்குச் சுமார் 18 சென்ட்டுக்கு விற்றது. நோயாளி கையில் வரும்போது 30 சென்ட். நிறுவனத் தலைவரை உட்கார வைத்தே இதைக் கேட்டார்கள்.

எஸ்.1552-ன் உயிர்நாடியும் அதுதான். மூன்று வருஷத்துக்கு மேல் மருந்தை ஒரே நிறுவனம் தனியுரிமையாக வைத்திருக்க முடியாது, அதிகபட்சம் 8% ராயல்டி வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கும் உரிமம் தரணும். இந்தப் பகுதியைக் கமிட்டியிலேயே வெட்டிவிட்டார்கள். மசோதா கிட்டத்தட்ட ஐ.சி.யூ.வில் கிடந்தது.

அப்போதுதான் தாலிடோமைடு செய்தி வந்தது. ஒரே மாசத்தில் காட்சி மாறியது. ஆகஸ்ட் 23 அன்று செனட்டில் 78-0. அக்டோபர் 10 அன்று கென்னடி கையெழுத்து. மருந்து வேலை செய்யுதுன்னு நிரூபிக்கணும் என்ற விதி பிழைத்தது. பரிசோதனைக்கு முன் நோயாளியின் சம்மதம் வேணும் என்பதும் சேர்ந்தது. விலை மட்டும் திரும்பி வரவே இல்லை.

ஆக, நான் சொல்லி வந்த கதை பாதிதான். தாலிடோமைடு அந்தச் சட்டத்தைப் பெறவில்லை. சாகக் கிடந்த மசோதாவை எழுப்பி உட்கார வைத்தது. எழுந்தபோது அதன் கையில் காப்புரிமைப் பகுதி இல்லை.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. 1961-ல் கெஃபாவர் கமிட்டி வெளியிட்ட அறிக்கையில் நம்ம நாடு வருது. மருந்து விலை உலகிலேயே அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக இந்தியாவைச் சொல்கிறது. இன்றைக்கு நம்பவே முடியாது, இல்லையா? நமது காப்புரிமை விவாதங்களில் அந்த அறிக்கை பலமுறை எடுத்துக் காட்டப்பட்டது. 1970-ல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மருந்தைத் தயாரிக்கும் முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கே கிடையாது. 2005-ல் அது மாறும் வரை நம்ம கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்றன.

வாஷிங்டனில் வெட்டிப் போட்டது இங்கே வேறு உருவத்தில் முளைத்த மாதிரி இருக்கு. 1970 மக்களவை விவாதங்களும் இணையத்தில் இருக்கு. அடுத்து அதைத்தான் படிக்கப் போறேன். கேள்வி கேட்ட பொண்ணுக்கு இதுவரை கிடைத்த லிங்க் எல்லாம் அனுப்பிட்டேன். "சார், 87-ஐ ரெண்டால பெருக்கி எதைக் கூட்டணும்?"னு பதில் வந்திருக்கு.