மடக்கெழுத்தாணியும் அதனைச் சூழ்ந்த பேச்சும்

தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞர்கள் கல்லையும் செப்பேட்டையும் ஓலையையும் நுணுகி நோக்கியுள்ளனர். எழுத்து வடிவம் நூற்றாண்டுதோறும் மாறி வந்த வகையும் அவர்தம் உழைப்பால் பெரிதும் தெளிவாகியுள்ளது. ஆயின், பனையோலையை எழுதுதற்குரிய ஏடாக ஆக்கிய கத்தி அத்துணைக் கவனம் பெறவில்லை. எழுத்தாணி புலவரோடு சேர்த்து நினைக்கப்படுகின்றது; அதனோடு ஒரே பிடியில் வாழ்ந்த கத்தியோ அடுக்களைப் பொருள்களோடு சேர்த்து எண்ணப்பட்டு மறைந்து போகின்றது. இக்கத்தியைப் பற்றிய செய்திகள் பல நூல்களினும் மிகுதியாக, அதனை வைத்திருப்போரும் சேர்ப்போரும் தம்முட் பேசிக்கொள்ளும் எளிய பேச்சிலேயே தங்கியுள்ளன. அப்பேச்சினை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்பதே ஈண்டு எம் ஆராய்ச்சி.

யாம் எடுத்துக்கொண்ட பகுதி கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் வட்டத்தைச் சேர்ந்த கம்மாபுரமும் அதனை அடுத்த சிற்றூர்களும் ஆகும். 1993ஆம் ஆண்டு வரை இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஊர்க் கணக்கும் திண்ணைப் பள்ளியும் நாட்டு மருத்துவமும் ஓலையைக் கொண்டே நடைபெற்ற காலம் இங்கும் நெடுங்காலம் இருந்தது. கம்மாபுரம் என்னும் பெயரைக் கண்டதும் இரும்புத் தொழில் புரிந்த கம்மியரோடு அதனை இணைத்துவிட எவர்க்கும் ஆசை எழும். ஒலியொற்றுமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஊர்ப்பெயர்க்கு வரலாறு கட்டும் வழக்கம் நம்மிடை முன்னரே மிகுந்துள்ளது. அதனை யாமும் பெருக்க விரும்பவில்லை.

எழுத்தாணியின் வகைகளை அறிய நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளுள் சிறந்தது டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் வாழ்க்கை வரலாற்றிற் கூறியுள்ள செய்தியாகும். ஐயர் அவர்கள் திண்ணைப் பள்ளியில் ஓலையில் எழுதிப் பயின்றவர். வாழ்நாள் முழுதும் ஏடுகளோடு பழகியவர். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகவும் விளங்கியவர். அவர் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என மூன்றனைப் பிரித்து விளக்குகின்றார். குண்டெழுத்தாணி ஊசி மட்டும் உடையது. தலையிற் கொண்டை அமைந்தது. எழுதப் பழகும் சிறார்க்கு உரியது. வாரெழுத்தாணி ஒரு தலையில் ஊசியும் மறுதலையிற் கத்தியும் உடையது, மடங்காதது, ஆதலின் உறையிற் செருகி வைக்கப்படுவது. மடக்கெழுத்தாணியிலோ கத்தியும் ஊசியும் பிடியின் இரு முனைகளிலிருந்தும் மடங்கிப் பிடிக்குள்ளேயே அடங்கும். பித்தளை, இரும்பு, கொம்பு, தந்தம் ஆகியவற்றாற் பிடி செய்யப்பட்டவற்றைக் காண்கின்றோம்.

இரண்டாம் வகைக்கு ‘வார்’ என்னும் அடை வந்தமை கருதத்தக்கது. வாருதலாவது, ஓலையின் நடுவிலுள்ள ஈர்க்கினை நீக்கி, இருபுறத்து ஓரங்களையும் நேராகச் சீவி, ஒரே அளவினவாக ஆக்குதல். ஓலையைப் பதப்படுத்துதலும், துளையிட்டுக் கயிறு கோத்தலும், அக்கயிற்றின் தலைப்பில் ஓலையைக்கொண்டு கிளிமூக்குச் செய்து முடிதலும் எழுதுவோன் அறிந்திருக்க வேண்டிய தொழில்களே. எழுதுங்கால் ஓலையை இடக்கையில் ஏந்தி, அக்கைப் பெருவிரலின் நகத்தை ஊசிக்குத் தாங்கலாகக் கொள்வர். நகத்திற் சிறு பள்ளம் செய்துகொள்வாரும் உண்டு. கீறிய எழுத்துப் புலப்படும்பொருட்டுக் கரியும் இலைச்சாறும் கலந்து தடவுவர். இத்துணைத் தொழிலுள்ளும் ஊசிக்கு முன்னே நிற்பது கத்தி. கத்தி தன் பணியைச் செய்து முடித்த பின்னரே எழுத்துக்கு இடம் உண்டாகின்றது. ‘எழுத்தாணி’ என ஊசியின் பெயரால் முழுக்கருவியும் வழங்கப்பட்டமை, கத்தியின் பங்கினை நாம் மறத்தற்கு ஒரு காரணம் போலும்.

இனி, மடக்கெழுத்தாணி தங்கிய இடத்தை நோக்குவோம். சட்டையும் சட்டைப்பையும் பிற்காலத்து வந்தவை. அவற்றிற்கு முன் தமிழன் தன் சிறுபொருள்களை வைத்தது மடியில். மடி, மடங்கு, மடக்கு என்னும் சொற்கள் யாவும் ஒரு வேரின. உடையை மடித்ததனால் உண்டான இடம் மடி; அம்மடியில் அடங்குமாறு மடக்கப்பட்டது இக்கருவி. மேலைநாட்டார் இத்தகைய கத்தியை அது வைக்கப்படும் பையாற் பெயரிட்டழைத்தனர். நம்மவரோ அதன் செயலாற் பெயரிட்டு ‘மடக்குக்கத்தி’ என்றனர். கத்தியை மடக்குவது கையையும் மடியையும் காத்தற்பொருட்டு என்பது எவர்க்கும் விளங்கும்.

ஏடும் கத்தியும் ஒருங்கிருந்த நிலையைக் காட்டும் பழைய கதை ஒன்று இம்மாவட்டத்தின் பழைய எல்லைக்குள்ளேயே நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகின்றது. திருக்கோவலூரில் அரசாண்ட மெய்ப்பொருள் நாயனாரை வஞ்சகத்தாற் கொல்லக் கருதிய முத்தநாதன், அடியார் வேடம் புனைந்து, படைக்கலத்தை மறைத்து வைத்த ஏட்டுக்கட்டினைக் கையிலேந்தி அரண்மனையுட் புகுகின்றான். வாயில்கள் பலவற்றினும் காவலர் அவனைத் தடுத்திலர். ஆகமம் உணர்த்துவான் போல ஏட்டை அவிழ்த்து, அரசர் வணங்கும்பொழுது தன் கருத்தை முடிக்கின்றான். 12ஆம் நூற்றாண்டில் இதனைப் பாடிய சேக்கிழார் அவ்விடத்துப் படைக்கலத்திற்கு வழங்கும் சொல் ‘பத்திரம்’ என்பதாகும். பத்திரம் என்பது இலைக்கும் ஏட்டிற்கும் பெயர்; படைக்கலத்திற்கும் பெயர். ஏட்டினுள்ளிருந்து வெளிப்பட்ட கருவிக்கு இச்சொல்லை ஆண்டமை தற்செயல் என்று கொள்ள எமக்கு மனம் வரவில்லை. முத்தநாதன் மறைத்தது ஓலை வாரும் சிறு கத்தியென யாம் கூறவில்லை. கொலைக்குரிய படையே அது. ஆயினும், ஏட்டுக்கட்டோடு இரும்பு செல்லுதல் அன்றாட வழக்காயிருந்த ஒரு நாட்டிலேதான் அவ்வஞ்சகம் ஐயத்துக்கிடமின்றி நடைபெற இயலும் என்பதை நோக்குக.

‘பேனாக்கத்தி’ என்னும் பெயர் இத்தொடர்பினை மற்றொரு வழியில் விளக்குகின்றது. பேனா என்பது போர்த்துக்கீசிய மொழியில் இறகைக் குறித்த சொல். ஐரோப்பியர் பறவையின் இறகைச் சீவி அதன் முனையால் எழுதினர். சீவுதற்குச் சிறு கத்தி ஒன்று எழுதுவோரிடம் எப்பொழுதும் இருந்தது. இறகுக்கத்தி என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ஏற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்காம் நகரத்து ஆலைகள் எஃகு முனைகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கின. இறகு வழக்கொழிந்தது, கத்தி ஒழியவில்லை. பழம் நறுக்கவும், கயிறு அறுக்கவும், கரிக்கோல் சீவவும் பயன்பட்டு, பழைய பெயரோடேயே வாழ்ந்தது. அப்பெயரே மொழிபெயர்ந்து நம் கடைத்தெருவிற்கும் வந்து சேர்ந்தது. ஆக, இரு நாட்டிலும் மடக்குக்கத்தி எழுதுவோனின் துணைக்கருவியாயிருந்து, எழுதுகருவி மாறியபின் தனித்து நின்ற கத்தியே ஆகும்.

இவ்வொப்புமையைக் கண்டு, மடக்கும் முறையை எவர் எவரிடம் கற்றனர் என்று வழக்காடுவாரும் உளர். மடங்கும் கத்திகள் உரோமர் காலத்திலேயே ஐரோப்பாவில் இருந்தன. நமக்குக் கிடைக்கும் மடக்கெழுத்தாணிகளோ பெரும்பாலும் அண்மை நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இரும்பும் ஓலையும் இந்நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் நில்லா. ஆதலின் வடிவத்தைக் கொண்டு காலம் கணித்தலும், அதனைக் கொண்டு முதன்மை நாட்டுதலும் உறுதியற்றனவாம். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1891இல் படைவீரர்க்கும் 1897இல் படைத்தலைவர்க்கும் உரிய பல்கருவிக் கத்திகளை ஆக்கினார். அதற்கு முன்னோடி எம் மடக்கெழுத்தாணியே என்று மேடைகளிற் சிலர் முழங்குவதால் மடக்கெழுத்தாணிக்கு ஒரு பெருமையும் கூடுவதில்லை. ஓலை வாரும் கத்தியும் எழுதும் ஊசியும் ஒருவனுக்கு ஒரே பொழுதில் வேண்டப்பட்டன. அத்தேவை இந்நாட்டு எழுத்துமுறையிலிருந்தே பிறந்தது. இதுவே உறுதியாகச் சொல்லத்தக்கது.

ஓலைக்கும் ஊசிக்கும் வந்த முடிவு ஒருநாளில் வந்ததன்று. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சகம் நிறுவுதல் நம்மவர்க்கு எளிதாயிற்று. நூல்கள் தாளுக்கு மாறின. ஊர்க்கணக்குகளும் அந்நூற்றாண்டிற் படிப்படியாகத் தாளுக்கு மாறின. கணக்கர் பதவி வழிவழியாக நீடித்தது; அதுவும் 1980 நவம்பரிற் பிறப்பித்த அவசரச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஊசிக்கு வேலை இல்லாதொழிந்து நூறாண்டு கடந்த பின்னும் அக்குடும்பங்களில் மடக்கெழுத்தாணி மடியை விட்டு நீங்காதிருந்தது எதனால்? விடையைக் கருவியே கூறும். பல மடக்கெழுத்தாணிகளிற் கத்தி சாணையிற் பட்டுத் தேய்ந்து மெலிந்திருக்க, ஊசியோ துருப்பிடித்துப் பிடிக்குள்ளேயே இறுகிக் கிடக்கும். ஒரு கருவியின் எப்பகுதி இறுதி வரை உழைத்தது என்பதற்கு அதன் தேய்வினும் சிறந்த சான்று வேறில்லை.

கம்மாபுரத்துப் பகுதியில் யாம் கேட்ட பேச்சும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. பழங்கத்தி, பாக்குவெட்டி, எழுத்தாணி முதலியவற்றைச் சேர்த்து வைக்கும் அன்பர் சிலர் மாலைப்பொழுதிற் கூடுமிடத்து, ஒருவர் தம் மடியிலிருந்து ஒன்றனை எடுத்து வைப்பார். பிறர் அதனைப் பற்றிப் பேசத் தொடங்குவர். இளைஞர் ஒருவர், ‘இது எழுத்தாணிங்களா பெரியப்பா, கத்திங்களா?’ என வினவ, முதியவர் கூறிய விடை ஒரு கட்டுரைக்கு ஈடாகும்: ‘ரெண்டுந்தாண்டா தம்பி. எங்க தாத்தா மடியில இருந்தப்ப எழுத்தாணி. எங்கப்பா கைக்கு வந்தப்ப பாக்கு சீவுற கத்தி.’ ஓலை தாளுக்கு இடந்தந்த வரலாறு முழுதும் இவ்விரு தொடருள் அடங்கியுள்ளது.

அப்பேச்சில் விலை முதலில் வாராது. ‘யார் கைப்பட்டது?’ என்பதே முதல் வினா. அடுத்து, எவ்வூர்க் கொல்லர் வேலை, பிடி மாற்றப்பட்டதா, மடக்கு இறுகியிருக்கின்றதா தளர்ந்திருக்கின்றதா என்பன. கூர்மையைப் பெருவிரல் நகத்தின்மேல் மெல்ல வைத்துப் பார்ப்பர். எழுதுவோர் ஊசியைத் தாங்கிய இடமும் அதுவே. கத்தியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நேரே தாரார்; கீழே வைக்க, மற்றவர் எடுத்துக்கொள்வார். நேரே கொடுத்தால் இருவர்க்கும் பகை உண்டாகும் என்பது தமிழ் நாடெங்கும் உள்ள நம்பிக்கை. ஐரோப்பாவிலும் கத்தியைப் பரிசாகப் பெறுவோர் சிறு காசு ஒன்றைத் திருப்பிக் கொடுப்பர். கத்தி நட்பினை அறுத்துவிடலாகாது என்பதே அங்கும் கருத்து. வெட்டும் கருவியைச் சுற்றி நட்புப் பேச்சு வளர்கின்ற இடங்களில் எல்லாம் இத்தகைய காப்பு ஒன்று வேண்டப்பட்டது போலும். இவ்வழக்கத்தால் மற்றொரு பயனும் உண்டு. கீழே வைத்த பொருளை அனைவரும் காண்பர். அதனைப் பற்றி ஒரு சொல்லேனும் பிறக்கும்.

இன்று இக்கருவிகள் ஊர்களை விட்டு விரைந்து அகல்கின்றன. வீடு இடிக்கும்பொழுது பழைய இரும்போடு நிறுத்து விற்கப்படுவன பல. காரைக்குடி போன்ற ஊர்களின் பழம்பொருட் கடைகளைச் சென்றடைவன சில. அங்குப் பிடியின் வேலைப்பாடும் உலோகமும் விலையை உறுதி செய்கின்றன. ‘யார் கைப்பட்டது’ என்னும் வினாவிற்கு அங்கு விடையளிப்பாரில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தொல்பொருள் என்றும், கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும் என்றும் வரையறுக்கின்றது. ஏட்டைக் காத்தற்குக் காட்டிய அவ்விரைவு ஏட்டை ஆக்கிய கருவிக்குக் கிடைக்கவில்லை. காட்சிக்கூடங்களிலும் ஊசி வெளியே நீட்டியிருந்தால் ‘எழுத்தாணி’ என்றும், கத்தி நீட்டியிருந்தால் ‘கத்தி’ என்றும் ஒரே வகைக் கருவி இரு பெயர் பெற்று இரு பேழைகளுட் பிரிந்து கிடக்கக் கூடும்.

இந்நிலையில், பட்டப் பின்படிப்பு மாணவர் ஒருவர் இவ்வட்டாரத்தில் ஓர் ஆண்டு தங்கி, ஒவ்வொரு கருவியின் அளவையும் தேய்வையும் குறித்துக்கொள்வதோடு, உடையவர் அதனைப் பற்றிச் சொல்லும் சொற்களையும் அவர் சொல்லியவாறே எழுதிக்கொள்வாராயின் பெரும்பயன் விளையும். சரசுவதி பூசை நாளில் தொடங்குதல் நன்று. அன்று ஏடுகளும் நூல்களும் ஒருபுறம் அடுக்கப்படும். அரிவாளும் உளியும் பிற தொழிற்கருவிகளும் மற்றொருபுறம் வைக்கப்படும். மடக்கெழுத்தாணியை எப்புறம் வைப்பது என்னும் வழக்கு மூத்தோர் இருக்கும் வீடுகளில் அன்று எழக் காணலாம். அதனை நூலோடு வைக்கச் சொல்வோர் எவர், கருவியோடு வைக்கச் சொல்வோர் எவர், அவர்தம் குடும்பத்தில் இறுதியாக ஓலையில் எழுதியவர் எத்தனை தலைமுறைக்கு முந்தியவர் என்பனவே அம்மாணவர் முதற்கண் கேட்டறிய வேண்டியவை.