பலகையும் சபையும்: ‘போர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் சமூக வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாறு அதன் சொற்களிலே படிந்து கிடக்கின்றது என்பது மொழிநூலார் நெடுங்காலமாகக் கூறிவரும் கருத்தாகும். எனினும் இவ்வகை ஆய்வுக்கு அரிய சொற்களே பெரிதும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நாள்தோறும் வழங்கித் தேய்ந்துபோன எளிய சொற்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் ‘போர்ட்’ எனப்படும் சொல் அத்தகைய ஒன்று. மரப்பலகை, கப்பலின் பக்கம், உணவு மேசை, உணவு, நாடக மேடை, அதிகாரசபை என ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் பொருள்களை அது தாங்கி நிற்கின்றது. அகராதி இவற்றுக்கு எண்ணிட்டு வரிசைப்படுத்துவதோடு அமைந்துவிடும். எப்பொருள் எச்சூழலிற் பிறந்தது என்று வினவும்போதுதான் அவ்வரிசையின் பின்னால் நிற்கும் மனிதர்கள் புலப்படுகின்றனர்.

பழைய ஆங்கிலத்திற் பலகை என்பதே இச்சொல்லின் முதன்மைப் பொருள். அக்காலக் கேடயம் பலகையாற் செய்யப்பட்டமையால் கேடயத்துக்கும் அதுவே பெயராயிற்று. 991ஆம் ஆண்டில் மோல்டன் என்னுமிடத்தில் வைக்கிங்குகளோடு நிகழ்ந்த போரைப் பாடும் பழம்பாடலில் இப்பொருளைக் காணலாம். தமிழிலும் ‘பலகை’ என்ற சொல்லுக்குக் கேடயம் என்ற பொருள் உண்டு என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. இதனைக் கொண்டு இரு மொழிகளுக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை. மரத்தைக் கொண்டு உயிரைக் காத்தவர்கள் இரு நிலங்களிலும் இருந்தனர் என்பதே இதன் பொருள்.

விளிம்பு, பக்கம் என்னும் பொருளுடைய வேறொரு ஜேர்மானியச் சொல்லும் ஒலியொற்றுமையால் இதனோடு கலந்தது. கப்பலின் பக்கத்தை இச்சொல் குறிப்பது அதனாலேயே. பண்டை வட ஐரோப்பியக் கப்பல்களில் சுக்கான் துடுப்பு பின்புறத்தின் வலப்பக்கத்திற் பொருத்தப்பட்டிருந்தது. எனவே கப்பலின் வலப்பக்கம் ‘சுக்கான் பக்கம்’ என்ற பொருளில் ‘ஸ்டார்போர்ட்’ எனப்பட்டது. இன்றைய கப்பலில் சுக்கான் நடுவில் இருக்கின்றது. பெயர் மட்டும் வலப்பக்கத்திலேயே நின்றுவிட்டது. இடப்பக்கத்தைக் குறித்த ‘லார்போர்ட்’ என்ற சொல்லுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. புயலிலும் போரிலும் உரத்துக் கூவும்போது இரு சொற்களும் ஒன்றாய் ஒலித்து மாலுமிகளைக் குழப்பின. 1844இல் பிரித்தானியக் கடற்படை அதனை விலக்கி வேறு சொல்லை விதித்தது. சொற்கள் தாமாகவே இறப்பதுதான் வழக்கம். ஆணையினால் இறந்த சொற்கள் மிகச் சிலவே.

ஆயினும் இச்சொல்லின் வாழ்வில் பெருந்திருப்பம் கடலில் நிகழவில்லை, உணவுக்கூடத்திலே நிகழ்ந்தது. இடைக்கால இங்கிலாந்தில் பிரபுவின் மண்டபத்திலே நிலையான மேசைகள் பல இருக்கவில்லை. உணவு வேளையில் கால்தாங்கிகளின் மேல் நீண்ட பலகைகளை இட்டு உண்டனர். உண்டு முடிந்ததும் அவற்றைக் கழற்றிச் சுவரோரம் சார்த்தினர். ஆதலாற் பலகை என்பது மேசையாயிற்று. மேசை அதன்மேல் வைக்கப்படும் உணவாயிற்று. கிண்ணங்களை அடுக்கிய பலகை ‘கப்போர்ட்’ எனப் பெயர் பெற்றுப் பிற்காலத்தில் அலுமாரியைக் குறிக்கலாயிற்று. படுக்கையும் உணவும் என்னும் தொடர் மணவாழ்வையே சுட்டுவதாயிற்று. 1857ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னர் இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்கள் ‘படுக்கையினின்றும் பலகையினின்றும்’ தம்பதியரைப் பிரித்து வைத்தனவேயன்றி, மறுமணத்துக்கு இடமளிக்கும் மணவிலக்கை வழங்கவில்லை.

அந்த மண்டபத்தில் எல்லோரும் ஒரே பலகையில் அமர்ந்தாரல்லர். பிரபுவும் அவர்தம் சுற்றமும் உயர்ந்த மேடையில் இடப்பட்ட பலகையில் அமர்ந்தனர்; ஏனையோர் கீழே, தத்தம் தகுதிப்படி அமர்ந்தனர். உணவு பங்கிடப்பட்ட இடத்திலேயே அதிகாரமும் பங்கிடப்பட்டது. இந்நிலையிற் சொல் இரண்டாகக் கிளைத்தது எனலாம். ஒரு கிளை, மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவு செய்வோரைக் குறித்தது. மற்றது, அம்மேசையிலிருந்து உணவு பெறுவோரைக் குறித்தது. முன்னது ‘போர்ட்’ என்னும் சபை. பின்னதிலிருந்து வந்ததே ‘போர்டிங்’.

முதற்கிளையின் வளர்ச்சி அரசின் வளர்ச்சியோடு ஒட்டியது. அரச மாளிகையின் கணக்கை மேற்பார்வை செய்த குழு, தான் அமர்ந்த மேசையின் விரிப்பாற் பெயர்பெற்று ‘பச்சைத்துணிப் பலகை’ எனவே வழங்கப்பட்டது. 1696இல் வர்த்தகத்துக்கும் குடியேற்றங்களுக்குமான சபை அமைந்தது. 1784இல் பிற் என்னும் பிரதமரின் சட்டம் கிழக்கிந்தியக் கம்பனியைக் கண்காணிக்கக் கட்டுப்பாட்டுச் சபையை உண்டாக்கியது. 1858 வரை அது நிலைத்தது. இலண்டனில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர், தாம் கண்ணாற் காணாத நிலத்தின் வரியையும் போரையும் தீர்மானித்தனர். மனிதரின் பெயர் மறைந்து மரத்தின் பெயர் முன்னிற்பதில் ஒரு வசதி உண்டு. ‘போர்ட் தீர்மானித்தது’ என்னும்போது தீர்மானித்தவர் எவரென்ற கேள்வி எழுவதில்லை.

இரு கிளைகளும் மீண்டும் ஒன்றையொன்று முகத்துக்கு முகம் சந்தித்த இடம் ஏழைகளின் தொழிலில்லம். 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம், கோவிற்பற்றுகளை ஒன்றியங்களாக இணைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பாதுகாவலர் சபையிடம், அதாவது ஒரு ‘போர்ட்’டிடம் ஒப்படைத்தது. தொழிலில்லத்து வாழ்வு, வெளியே உழைக்கும் கடைநிலைக் கூலியாளின் வாழ்வினும் இழிந்ததாக இருத்தல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கோட்பாடு. கணவன் மனைவியினின்றும், பிள்ளைகள் பெற்றோரினின்றும் பிரிக்கப்பட்டனர். உணவை அளந்து கொடுத்ததும் அதனைக் குறைத்ததும் அச்சபையே.

1837இல் வெளிவரத் தொடங்கிய ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலில் சாள்ஸ் டிக்கன்ஸ் இதனை ஒரு சொல்விளையாட்டாலேயே வெளிப்படுத்தினார். ஒன்பது வயது அநாதைச் சிறுவன் சபையின் முன் நிறுத்தப்படுகிறான். ‘போர்ட்’டுக்குத் தலைவணங்கு எனக் கட்டளை பிறக்கிறது. மேசையைத் தவிர வேறு பலகை எதனையும் காணாத சிறுவன் அம்மேசைக்கே வணங்கிவிடுகிறான். வாசகர் சிரிக்கின்றனர். ஆயினும் சொல்லின் வரலாற்றை நோக்கின் அச்சிறுவன் பிழைவிடவில்லை. சபை என்ற பொருள் தோன்றுவதற்குப் பன்னூறாண்டுகள் முன்னர் இருந்த மூலப்பொருளுக்கே அவன் வணங்கினான். பின்னர் அதே சிறுவன் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கிறான், சபை அதிர்ச்சியடைகிறது. உண்ணும் பலகையும் ஆளும் பலகையும் ஒரு மரத்தில் அறுக்கப்பட்டவை என்பதை அகராதியாசிரியர் எவரும் இத்துணைத் தெளிவாகக் காட்டியதில்லை. பாதுகாவலர் சபைகள் 1930 வரை நீடித்தன.

இவ்வரலாற்றின் ஒரு பகுதி யாழ்ப்பாணத்தையும் தொட்டுச் செல்கின்றது. 1810இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் உருவான மிஷனரிச் சங்கத்தின் பெயரிலேயே ‘போர்ட்’ என்ற சொல் இருந்தது. சுருக்கமாக அது ‘அமெரிக்கன் போர்ட்’ எனப்பட்டது. 1816இல் அதன் மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான பாடசாலையும் தொடங்கப்பட்டன. இரண்டும் மாணவர் தங்கியுண்டு கற்கும் நிலையங்கள். கடல்கடந்த ‘போர்ட்’, இங்கே ‘போர்டிங்’ நடத்தியது.

உணவே இங்கும் சிக்கலாயிற்று. மிஷன் வளவுக்குள் உண்பதால் சாதியாசாரத்துக்குப் பங்கம் நேருமென்ற அச்சம் தொடக்ககாலத்திற் பெற்றோரிடத்தும் பிள்ளைகளிடத்தும் வலுவாக இருந்தது. எழுத்தைக் கற்பதற்கு உடன்பட்டோர், ஒரே அடுக்களையில் உண்பதற்குத் தயங்கினர். ஆங்கிலப் பிரபுவின் மண்டபத்தைப் போலவே இங்கும் யாரோடு யார் அமர்ந்து உண்பது என்பது வயிற்றைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. மறுபுறத்தில், பிள்ளையொன்றின் உணவுச் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுவிக்கும் வழக்கமும் நிலவியது. தமிழ்ப் பெயர்களின் முன்னே அந்நியப் பெயர்கள் வந்து நின்றமைக்கு இதுவே பெருங்காரணம். உண்ட சோற்றுக்குப் பெயரே விலையாயிற்று என்பது சற்றுக் கடுமையான கூற்றாகத் தோன்றலாம். ஆனால் பெயர்ப் பட்டியல்கள் அதற்கு இடந்தருகின்றன.

1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி பெற்றோர் சமய ஊழியத்தை விட்டு அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் எனக் கண்டது. சுதேச மொழிவழிப் போதனையே மிஷனின் நோக்கத்துக்கு உகந்தது என்பது குழுவின் தலைவராயிருந்த றூபஸ் அண்டர்சனின் கொள்கை. செமினரி மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் பயின்றவர்களே. தொலைவில் உள்ள மேசையொன்றின் கணிப்பும் நிகழ்ந்த வரலாறும் ஒன்றுபடவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்வளவிலேயே எழுந்ததற்கு உள்ளூர் மக்களின் முயற்சி முக்கிய காரணமாயிற்று.

இச்சொல்லைத் தமிழாக்கிய வகையும் ஒன்றாக அமையவில்லை. தமிழ்நாட்டார் பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்ச் சாசனங்களில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனக் காணப்படும் பழஞ்சொல்லை மீட்டு, மின்சார வாரியம் என்றனர். இலங்கையிலோ ‘சபை’ என்பதே ஆட்சிமொழியாயிற்று. 1958இல் தோன்றிய போக்குவரத்துச் சபையை ‘இ.போ.ச.’ என்றே மக்கள் அறிவர். 1969இல் மின்சார சபை வந்தது. அதிகாரத்தைக் குறித்த கிளைக்கு இவ்வாறு இரு நாடுகளிலும் தமிழ்ப்பெயர் கிட்டிவிட்டது. உணவைக் குறித்த கிளைக்கு விடுதி என்ற சொல் எழுத்தில் உண்டு. ஆயினும் பிள்ளையைப் பாடசாலையிற் தங்கவைத்துப் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் வாயில் அது இன்னமும் ‘போடிங்’தான்.