கற்கண்டும் காலண்டரும்: கரிசல் வணிகத்தில் நன்றி தெரிவித்த முறைகள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை, விருதுநகர் ஆகிய ஊர்களைக் கொண்ட கரிசல் வட்டாரம் மானாவாரி நிலத்தில், அதாவது மழையை மட்டுமே நம்பிய புஞ்சையில், விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் பயறு வகைகளையும் வெளியூருக்கு விற்று வாழ்ந்த பகுதியாகும். மழை பொய்த்தால் சரக்கும் பொய்க்கும் இவ்விடத்தில், புதிதாக வந்த வாடிக்கையாளர் அடுத்த பருவத்திலும் திரும்பி வருவது, விலையைப் போலவே இரு தரப்புக்கும் இடையில் வளர்ந்த நம்பிக்கையையும் பொறுத்திருந்தது. அந்த நம்பிக்கைக்கு வணிகர்கள் நன்றி தெரிவித்த முறைகளையும், வாங்குபவர் பணிபுரிந்த நிறுவனத்தின் விதிகள் அம்முறைகளுக்கு இட்ட வரம்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்வட்டாரத்தின் வணிக ஒழுக்கம் விளங்கும். நன்றிக்கும் கையூட்டுக்கும் உள்ள எல்லையை இங்குள்ள வழக்கம் பொருளின் விலையைக் கொண்டு வகுக்கவில்லை. அது யார் முன்னிலையில், எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைக் கொண்டே வகுத்தது.

நிறுவன ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்னும் விதி இந்தியாவில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. வங்காளத்தில் ஊழியர்கள் நவாபுகளிடம் பெருந்தொகைகளைப் பெற்றுச் செல்வம் சேர்த்ததைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் குழு, 1764இல் ஒரு புதிய உடன்படிக்கையை வகுத்தது. அதன்படி 4,000 ரூபாய்க்கு மேற்பட்ட அன்பளிப்புக்கு லண்டனின் ஒப்புதலும், 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு உள்ளூர் ஆட்சிக் குழுவின் ஒப்புதலும் தேவைப்பட்டன. மறு ஆண்டில் வங்காள ஆளுநர் கிளைவ் ஊழியர்களை அதில் கையெழுத்திட வைத்தார். 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் இத்தடையை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. எனினும், பாளையக்காரர்கள் அதிகாரிகளைக் காணச் செல்லும்போது காணிக்கை வைப்பது அரசியல் மரபாக இருந்த திருநெல்வேலிச் சீமையில், மரியாதை எங்கே முடிந்து கையூட்டு எங்கே தொடங்குகிறது என்பதைத் தொகையை மட்டும் வைத்துத் தீர்த்துவிட முடியவில்லை. பிற்காலத்தில் அதிகாரிகளைப் பார்க்கச் சென்றவர்கள் கையில் எலுமிச்சம்பழத்தோடு சென்ற வழக்கம், விலை மிகக் குறைந்த பொருளாலும் மதிப்பைக் காட்ட முடியும் என்பதற்கு நல்ல சான்று.

வணிகரின் சொந்த மரபில் நன்றி சொல்லும் காலம் புதுக்கணக்கு நாளாகும். சித்திரை முதல் நாளிலோ ஆயுத பூசையை ஒட்டியோ புதிய பேரேட்டின் ஓரங்களில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழியிட்டுக் கணக்கைத் தொடங்கும்போது, வாடிக்கையாளர்களை வரவழைத்துச் சந்தனம், குங்குமம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு கொடுத்து உபசரிப்பது கடைக்காரர் கடமையாகக் கருதப்பட்டது. பழைய வாடிக்கையாளருக்கும் முதன்முறை வந்தவருக்கும் ஒரே தட்டிலிருந்து, பலர் காண, அங்கேயே வாயில் போட்டு முடிந்துவிடும் பொருளே தரப்பட்டதால், பெற்றவர் மேல் கடன் எதுவும் ஏறவில்லை.

1876இல் மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தபின், கோவில்பட்டிப் பருத்தி துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் விரைவாகச் சென்றது. நேரில் காணாத வாடிக்கையாளரின் எண்ணிக்கையும் பெருகியது. அவர்களுக்குக் கற்கண்டுத் தட்டை நீட்ட இயலாது. அந்த இடைவெளியை நிரப்பிய பொருள் இவ்வட்டாரத்தைச் சேர்ந்த சிவகாசியில் உருவாயிற்று. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய ஆலைகளுக்கு வண்ண லேபிள்கள் தேவைப்பட்டன. லேபிளுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் காலப்போக்கில் நாட்காட்டிகளையும் அச்சிடத் தொடங்கியது. ஆடிப்பெருக்கன்று மறு ஆண்டின் மாதிரி ஆல்பங்களை வெளியிட்டு, ஆர்டர் பெற்று, கடையின் பெயரையும் முகவரியையும் படத்தின் கீழ் அச்சிட்டு, மார்கழிக்குள் அனுப்பிவைப்பது இத்தொழிலின் ஆண்டுச் சுழற்சியாகும். நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், விரத நாள்கள் ஆகியவற்றைத் தாங்கிய தினசரித் தாளைக் குடும்பமே நாள்தோறும் பார்ப்பதால், ஒரு சிறு மளிகைக் கடையின் நன்றி ஓராண்டு முழுதும் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் தொங்கியது. மறைத்து வைத்தால் பயனற்றுப்போகும் அன்பளிப்பு இது. கையூட்டாக மாற்றவே முடியாத இப்பொருளைக் கரிசல் வட்டாரம் வணிகப் பண்பாட்டுக்கு அளித்த பெருங்கொடை எனலாம்.

விதிகளோ மேலும் இறுகின. மத்திய அரசு ஊழியருக்கான 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அன்பளிப்புக்கு வரம்பு கட்டினாலும், தற்செயலான விருந்தையும் சமூக உபசரிப்பையும் அன்பளிப்பாகக் கொள்ளவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களோ, 2011இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் லஞ்சத் தடுப்புச் சட்டம் போன்றவற்றுக்கு அஞ்சித் தம் ஊழியர் எதை ஏற்கலாம் என்பதைத் தாமே எழுதிவைத்தன. வணிகத் தொடர்பில் ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஆதாயம் அளித்தால் 10 விழுக்காடு வரி பிடிக்க வேண்டும் என 2022 ஜூலை முதல் வருமான வரிச் சட்டமும் விதித்தது. இவற்றில் பெரும்பாலானவை தேவையானவையே. ஆனால் 2020 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம், சிக்கனத்தையும் மின்னணு முறையையும் முன்னிட்டு, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் நாட்காட்டியும் டைரியும் அச்சிடுவதை நிறுத்தியது, பெருந்தொற்றால் ஏற்கெனவே தளர்ந்திருந்த சிவகாசியின் மேல் விழுந்த வேண்டாத அடியாகும்.

அதே 2020இல் ஏப்ரல் மாதம் கோவில்பட்டி கடலை மிட்டாய் புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் மண்ணின் நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த இப்பண்டத்தை வெளியூர்களுக்கு எடுத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். அலுவலகத்தின் பெயருக்கு அனுப்பினால், ஒருவர் மேசையில் தங்காமல் அனைவருக்கும் பகிரப்பட்டு அன்றே தீர்ந்துவிடும் என்பதால், கண்டிப்பான நிறுவன விதியும் பெரும்பாலும் மறுக்காத பொருளாக அது இருக்கிறது. புதுக்கணக்குத் தட்டில் கற்கண்டுக்கு இருந்த இயல்புகள் அனைத்தும் அதற்கும் உண்டு.