தீவகமும் யந்திர நாட்டமும்

கணினி முதலிய நவீன யந்திரங்களின்பால் ஒரு சமூகத்துக்கு நாட்டம் எவ்வாறு பிறக்கிறது? செல்வமும் ஆங்கிலக் கல்வியும் வாய்த்த நகரங்களில் அது முதலிலே முளைக்கிறது, பின்னர் மெல்ல மெல்லக் கிராமங்களுக்கு இறங்கி வருகிறது என்பதே பலரும் கூறும் விடை. வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்க்கும் எவரும் இவ்விடையோடு அமைதி கொள்ளுதல் அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பாக்கு நீரிணையில் சிதறிக் கிடக்கும் தீவுகளை எடுத்துக்கொள்வோம். ஊர்காவற்றுறையோ புங்குடுதீவோ நயினாதீவோ நெடுந்தீவோ செல்வங் கொழித்த இடங்களல்ல. நன்னீருக்கே அல்லற்பட்ட மண் அது. எனினும் தொலைவை வெல்லும் கருவி எதுவாயினும் அதனைக் கண்டறியும் வேட்கை அம்மக்களிடம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. தொலைவினால் வருந்தியோர் அவர்களே அல்லவா?

நயினாதீவிலே 12ஆம் நூற்றாண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. முதலாம் பராக்கிரமபாகு என்னும் சிங்கள மன்னன் பொறிப்பித்த அச்சாசனம், பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்திறங்க வேண்டுமென்று விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கலம் உடையுமாயின் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. ஏனைய வணிகக் கலம் உடையின் பாதிக்குப் பாதி. உடைந்த கலத்துக்கும் பங்கு பிரித்துச் சட்டஞ் செய்த அவ்வரசு, உடையாமற் கலத்தைக் கொணர்ந்து சேர்த்த மாலுமியைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை! வாடைக்காற்று எப்போது மாறும், சோளகம் எப்போது எழும், எந்த மீன் எந்தத் திசையில் உதித்தாற் பாய் விரிக்கலாம் என்பவற்றையெல்லாம் கணித்தறிந்தவன் அவன். அவனுடைய கணக்கு ஏடேறவில்லை. ஏட்டை வைத்திருந்தோர் வேறு சாதியினர்.

ஏடேறிய கணக்கைப் பற்றியும் கூறவேண்டும். நமது பொருளுக்கு அது மிகவும் அண்மையானது. வாக்கியப் பஞ்சாங்கக் கணித முறையிலே சந்திரனின் நிலைகள் சொற்றொடர்களாக அமைக்கப்பட்டிருந்தன. எழுத்து ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் குறிக்கும். அத்தொடர்களை மனனஞ் செய்தவன் தரையிலே சோகிகளைப் பரப்பி, கூட்டியும் கழித்தும் கிரகண நேரத்தைச் சொல்லிவிடுவான். ஜோன் வாரன் என்னும் ஐரோப்பியர் 1825ஆம் ஆண்டிலே புதுச்சேரியில் இவ்வாறு கணக்கிட்ட தமிழர் ஒருவரைக் கண்டு, அம்முறையைத் தமது ‘கால சங்கலித’ என்னும் நூலிற் பதிவு செய்தார். சோகி கொண்டு கணித்த சந்திர கிரகணம் தொடங்கும் நேரத்தில் நான்கு நிமிடமே பிழைத்திருந்தது. நடுவிலும் முடிவிலும் பிழை மிகுந்திருந்ததாயினும், காகிதமும் எழுதுகோலும் இன்றிச் செய்த கணக்கு அது. அக்கணிதருக்கு வானசாத்திரத்தின் தத்துவம் எதுவும் தெரியாது, நினைவாற்றலே அவர் மூலதனம் என்று வாரன் எழுதினார். ஓட்டோ நியூகெபவர் என்ற கணித வரலாற்றறிஞர் 1952இல் இச்செய்தியை மீண்டும் ஆராய்ந்து, பண்டைப் பபிலோனியக் கணித மரபோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனித்தல் நன்று. மனத்திலே ஏற்றிவைத்த அட்டவணை, வரிசை பிறழாத கட்டளைகள், அவற்றின் காரணத்தை அறியாமலே விடை காணும் செயல்: இம்மூன்றும் இன்றைய கணினிக்கும் உரியன. ஆங்கிலத்திலேயுங்கூட ‘கொம்பியூட்டர்’ என்ற சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் கணக்கிடும் மனிதரையே பெரிதும் குறித்து வந்தது. இதைக் கொண்டு, கணினியை நம் முன்னோரே கண்டுபிடித்தனர் என்று முழங்குவோரோடு நாம் சேரப்போவதில்லை. அப்பெருமை நமக்கு வேண்டுவதன்று. கணக்கிடும் தொழில் பழகிய தொழிலாகவே இருந்தது என்பதும், காரணத்தைக் கேட்கும் பழக்கம் அதனோடு சேராமற் போனதால் அத்தொழில் தேங்கிற்று என்பதும் நாம் கொள்ளவேண்டிய செய்தி.

தேக்கம் உடைந்த நாளையும் நாம் அறிவோம். தீவுகளுக்கு எதிர்க்கரையிலுள்ள வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் ஒரு செமினரியை நிறுவினர். அதன் அதிபர் தானியேல் பூவர், பஞ்சாங்கக் கணிதராகப் புகழ் பெற்றிருந்த விசுவநாத சாத்திரியாரின் கிரகணக் கணிப்பிற் பிழை இருப்பதாகக் கூறினார். கிரகணம் பற்றுகிற நேரம், அது நீடிக்கும் காலம், மறைவின் அளவு ஆகிய மூன்றிலும் இருவர் கணக்கும் வேறுபட்டன. 1829 மார்ச்சு மாதத்தில் கிரகணம் நிகழ்ந்தபோது பூவரின் கணக்கே பொருந்திற்று. பூவரின் நோக்கம் மதமாற்றம் என்பதில் ஐயமில்லை. பஞ்சாங்கத்தின் மதிப்புக் குலைந்தால் புராணத்தின் மதிப்பும் குலையுமென அவர் எதிர்பார்த்தார். மக்களோ அவர் எதிர்பார்த்தவாறு நடந்துகொள்ளவில்லை. கணிதத்தை வாங்கிக்கொண்டனர், மதத்தைப் பெரும்பாலோர் அவரிடமே விட்டுவிட்டனர். பூவருக்குப் பின் வந்த ஹொய்சிங்ரன் தமிழ்ச் சோதிட நூலையே ஆங்கிலத்தில் ஆக்கி 1848இல் விளக்கங்களுடன் வெளியிட்டார். அச்செமினரியிற் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்ற அட்சரகணித நூலைத் தமிழிலே எழுதினார். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அக்காலமே.

நாட்டம் பரவுவதற்கு இவ்வளவும் போதுமாயிருந்திருக்கும். ஆனால் அந்நிய ஆட்சியிலே ஆங்கிலமும் உத்தியோகமும் பிணைந்திருந்தன. செமினரியில் ஆங்கிலங் கற்போர் சம்பளத்தையே நாடுகின்றனர் என்று மனங்கசந்த மிஷன், 1855இல் அதனை மூடியது. 1872இல் அது யாழ்ப்பாணக் கல்லூரியாக மீண்டும் உருவெடுத்தது. இதற்கிடையில் யந்திரம் என்பது யாழ்ப்பாணத்தவருக்கு அறிவுப்பொருள் என்ற நிலையிலிருந்து பிழைப்புப்பொருள் என்ற நிலைக்கு மாறிவிட்டது. மலாயாவிலே 1885இல் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், புகையிரதத்திலும் தந்தியிலும் நில அளவையிலும் வேலை தேடி நம்மவர் கப்பலேறினர். தந்தியின் புள்ளியையும் கோட்டையும் செவியாற் கேட்டு எழுத்தாக்கியவன் புதிய யுகத்தின் கணிதன்தான். அவனுடைய திறமையின் பயன் இரப்பரும் ஈயமும் ஏற்றிச் சென்ற கம்பனிகளைச் சேர்ந்தது, அவனுக்குக் கிடைத்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி காசுக்கட்டளையாகத் தீவுக்கு வந்து கல்வீடாயிற்று.

சுதந்திரத்துக்குப் பின்னர் விஞ்ஞானம் தாய்மொழியிற் கற்பிக்கப்படலாயிற்று. தீவகத்துச் சிறு பாடசாலையில் ஓதும் பிள்ளைக்கும் பௌதிகமும் இரசாயனமும் தமிழிலே கிட்டியமை பெரிய காரியம். அதே கையோடு வாயிலும் அடைக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலின்படி, பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மாணவர் 227 புள்ளியோடு செல்ல, தமிழ் மாணவர் 250 பெறவேண்டியிருந்தது. பிறகு மாவட்டப் பங்கீடு வந்தது. பின்தங்கிய பகுதிகளுக்கு இடமளித்தல் என்ற கொள்கையை முற்போக்காளர் எவரும் எதிர்க்கமாட்டார். ஆயின் நெடுந்தீவு யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் அடங்கிற்றாதலால், படகின்றி ஆசுபத்திரிக்கும் செல்லமுடியாத தீவுப் பிள்ளை, நகரத்துப் பெருங் கல்லூரி மாணவனோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டது. முன்னேறிய மாவட்டத்தின் பின்தங்கிய மூலைகளை அந்தப் பங்கீடு காணவில்லை.

போர்க் காலத்தைப் பற்றி நாம் சற்று விரிவாகவே கூறவேண்டும். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகிலே பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன்பின் தீவகத்தில் ஒரு படகு தாமதிப்பது வெறும் தாமதமாக இருக்கவில்லை. செய்தியே உயிர்ப்பொருளாயிற்று. 1990இலும் 1991இலும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதிகள் படையினர் வசமாக, அங்கிருந்த மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்து குடாநாட்டுக்குள் ஒதுங்கினர். குடாநாட்டிலோ 1990 நடுப்பகுதியிலிருந்து மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. மாணவர் ஜாம் போத்தலில் எண்ணெயும் திரியும் இட்டு அவ்வெளிச்சத்திற் படித்தனர். மோட்டார் வாகனங்களைச் சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர்.

வானொலிக்கு மண்ணெண்ணெய் உதவாதே! அப்பொழுதுதான் சைக்கிள் டைனமோ மேடையேறியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுற்றினால், சில்லோடு உரசும் டைனமோவின் காந்தம் கம்பிச் சுருளுக்குள்ளே சுழன்று மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும். அது ஆறு வோற்று விளக்கை எரிக்கப் போதுமான மின். ஆனால் அது திசைமாறி ஓடும் மின்னோட்டம். வானொலி நேரோட்டத்தையே ஏற்கும். நேரே பொருத்தினால் இரைச்சலன்றிப் பேச்சுக் கேளாது. பழுதான பெட்டிகளைப் பிரித்து எடுத்த இருவாயி ஒன்றையோ நான்கையோ இடையிலே வைத்தால் ஓட்டம் ஒருதிசைப்படும். கொள்ளளவி ஒன்றைச் சேர்த்தால் அதன் நடுக்கம் அடங்கும். சுற்றுபவன் களைத்தால் பிபிசி தமிழோசையின் குரலும் களைக்கும். இரவுச் செய்தி முடியும்வரை முறைவைத்துச் சுற்றினர் பிள்ளைகள்.

பாடநூலில் இருவாயியின் படம் அவர்களுக்கு முன்பே இருந்தது. பரீட்சைக்காக அதை வரைந்து மனனஞ் செய்தோர் பலர். அது ஏன் வேண்டும் என்று அவர்கள் கேட்கத் தொடங்கியது வானொலி இரைந்தபோதுதான். சோகிக் கணிதனிடம் இல்லாதிருந்த அக்கேள்வி, மின்சாரம் மறுக்கப்பட்ட ஊரிலே, செய்திக்காகத் தவித்த முற்றங்களிலே எழுந்தது. இதனாற் பொருளாதாரத் தடைக்கு நன்றி கூறுவோர் எவரேனும் உளராயின் அவர்களை மன்னிக்க இயலாது. அத்தடை மருந்தையும் தடுத்தது. எத்தனை அறிவு அங்கே கருகிற்று என்பதற்குக் கணக்கில்லை.

கணினி தீவகத்தாரின் வாழ்வில் நுழைந்த வழியும் இதனோடு ஒத்ததே. கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் பெயர்ந்தவர்கள் தத்தம் ஊரின் பெயரால் இணையத்தளங்களை அமைத்தனர். தமிழ் எழுத்துக்குப் பொதுவான குறிமுறை நடைமுறைக்கு வருமுன், ‘பாமினி’ முதலிய எழுத்துருக்களை ஒவ்வொருவரும் தம் கணினியில் இறக்கிக்கொண்டாலன்றி அப்பக்கங்கள் வெறுங் கோணல் எழுத்துக்களாகவே தோன்றும். அந்த எழுத்துருவை எங்கே வைப்பது, எந்த விசையில் எந்த எழுத்து என்று கற்றவர்களிற் பலர் உணவகத்திலும் தொழிற்சாலையிலும் இரவு வேலை செய்தவர்கள். அவர்கள் தேடிய பக்கம் பெரும்பாலும் மரண அறிவித்தற் பக்கமே. ஊரிலே நிகழ்ந்த சாவுக்குப் போகமுடியாதவன் அச்செய்தியையாவது தன் மொழியிற் படிக்க விரும்பினான். தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் குறிமுறை மாநாடுகளை விரிவாக எழுதுகின்றனர்; இந்த இரவுநேர மாணவர்களையும் எழுதவேண்டும்.

நூல்களைக் காக்கும் நாட்டமும் இழப்பிலிருந்தே வந்தது. ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள், ஐரோப்பிய நூலகங்களிலே தேடி, லிசுபனில் 1554இல் உரோம எழுத்தில் அச்சாகிய தமிழ் நூலையும், 1679இல் அச்சான தமிழ் போர்த்துக்கேய அகராதியையும் அறிஞருலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். அவ்வகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பும் செய்வித்தார். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகப் பேணப்பட்ட தமிழ் நூல்கள் இவை. யாழ்ப்பாணத்திலோ 1981 யூன் முதலாம் நாளையொட்டிய இரவில் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிமத் திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும், கோயில் மலர்களையும் நினைவு மலர்களையும் வருடி எடுத்து எவரும் படிக்க வைத்திருக்கிறது. சாம்பலைக் கண்ட தலைமுறைக்குப் பிரதியெடுக்கும் யந்திரத்தின் அருமையை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இன்று பிறிதொரு யந்திரம் தீவுகளுக்கு வருகிறது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் பெரிய மின்வலையோடு இணையாது டீசல் பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தவை. அங்கே சூரிய, காற்று மின்னிலையங்கள் அமைக்கும் பணியை 2021 சனவரியில் இலங்கை அமைச்சரவை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்க இசைந்தது. இராமேசுவரத்துக்கு ஐம்பது கிலோமீற்றர் எல்லையில் சீனர் வருவதை இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு திசெம்பரில் சீனத் தூதரகம் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்பாடு. 2024 மார்ச்சு முதலாம் நாள் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம். சூரிய மின் 1700 கிலோவாற்று, காற்று மின் 530, மின்கலம் 2400 கிலோவாற்று மணி, துணைக்கு டீசல் 2500 கிலோவாற்று என்பது அதன் அளவு. இரு வல்லரசுகள் தீவைப் பார்த்த பார்வையிலே கடல் தெரிந்தது, எல்லை தெரிந்தது. டைனமோ சுற்றிய முற்றம் தெரிந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

உப்புக்காற்று இரும்பைத் தின்னும் இடம் அது. காற்றாடியின் தாங்கியும் மின்கலத்தின் இணைப்பும் பழுதாகாமல் இரா. பழுதாகும்போது கொழும்பிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வரவேண்டுமாயின், முதலிற் குறிகாட்டுவானுக்கு வந்து படகுக்குக் காத்திருக்க வேண்டும். சோளகம் வீசுங் காலத்தில் படகும் ஓடாது. ஆகவே அந்நிலையங்களை இயக்கவும் பழுதுபார்க்கவுமான பயிற்சியை மூன்று தீவுகளின் இளைஞருக்கும் யுவதிகளுக்கும், தமிழிலே, அங்குள்ள பாடசாலைகளிலேயே தொடங்க வேண்டுமென்று மின்சார சபையையும் கல்வித் திணைக்களத்தையும் நாம் கேட்கிறோம். பாடத்தின் முதல் அதிகாரத்தை அவ்வூர்ப் பெற்றோர் பலர் முன்னமே அறிவர்.